இன்சுலின் நிறைய இருந்தும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

காரைக்குடி மாணவி:
எங்கள் அப்பத்தாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 168. இன்சுலினும் கூடுதலாகவே இருந்தது. "இன்சுலின் இருக்கிறது, உடம்புதான் கேட்கவில்லை" என்றார் டாக்டர். சாவியும் பூட்டும் போல என்று பள்ளியில் படித்தேன். இத்தனை சாவி இருந்தும் ஏன் திறக்கவில்லை? அப்பத்தா தினமும் கேட்கிறார்.

தேவகோட்டை டீச்சர்:
சாவி, பூட்டோடு நிறுத்தினால் பாதிதான் புரியும் ஆத்தா. 28 வருஷம் விலங்கியல் எடுத்தேன். இந்தப் பாடத்துக்கு நம் செட்டிநாட்டு வீட்டைத்தான் கரும்பலகையில் வரைவேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு. வெளியாள் முகப்புத் திண்ணையோடு சரி, சேதி மட்டும் ஆள் மாற்றி ஆள் உள்ளே போகும்.

இன்சுலினும் சேதி சொல்ல உள்ளே போவதில்லை. நீ சொன்ன பூட்டுதான் ஏற்பி, செல் சவ்வின் குறுக்கே நிற்கிற புரதம். வெளிப்பக்கம் இன்சுலின் வந்து ஒட்டியதும் அதன் வடிவம் மாறும். உள்பக்கத்து இரண்டு வால்களும் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் என்ற சிறு வேதித் துண்டை ஒட்டிவிடும். அங்கே ஐஆர்எஸ் என்ற புரதம் வந்து பிடித்துக்கொள்ளும், அதற்கும் பாஸ்பேட் ஏறும். அப்புறம் பிஐ3கே, அதற்கடுத்து ஏகேடி; இரண்டும் சேதியைக் கடத்துகிற நொதிகள். ஏகேடி வரை சேதி போனால்தான், தசைச் செல்லுக்குள் குமிழ்களில் கிடக்கும் குளூட்4 என்ற புரதம் சவ்வுக்கு வரும். சர்க்கரை நுழைவது அது வழியாகத்தான். ஆக, சேதி சேரும்வரை வாசலில் போதுமான கதவே இல்லை!

டைப் 2 சர்க்கரையில் பெரும்பாலும் ஏற்பிக்கு அடுத்த படிகளில்தான் சேதி மங்குகிறது. அதனால்தான் கணையம் இன்னும் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது.

பள்ளத்தூர் வாசகர்:
எல்லா ஏற்பியும் இப்படிப் பாஸ்பேட் ஒட்டாது. அட்ரினலின் ஏற்பி சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும். அது உள்ளே ஜி புரதத்தைத் தட்டி எழுப்பும், அது ஒரு நொதியை முடுக்கி சுழல் ஏஎம்பி என்ற, சேதி பரப்பும் சிறு மூலக்கூறைப் பெருக்கும். ஜி புரதத்துக்கு 1994இல் கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும், அந்த வகை ஏற்பிகளுக்கு 2012இல் லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காரைக்குடி மாணவி:
அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன் டீச்சர். "முகப்புல சொன்னது உள்கட்டுக்குக் கேக்கலைன்னா, வேற வழி இல்லையா?" என்கிறார்.

தேவகோட்டை டீச்சர்:
சரியாகக் கேட்டுவிட்டார்! நம் வீடுகளுக்கு அடுத்த தெருவில் பின்வாசல் இருக்கிறதல்லவா? தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் ஏற்பியின் உதவியில்லாமலே குளூட்4 சவ்வுக்கு வரும். அந்த வழி சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சாயங்காலம் அப்பத்தாவின் கையைப் பிடித்து ஊருணியை ஒரு சுற்று சுற்றி வா. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.