2018 க்ரெட்டா கன்சோலை 2016 வண்டியில் மாட்ட வயர் வெட்ட வேண்டுமா, வேண்டாமா?

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
தாம்பரம் நண்பர் ஒருவர் போன வாரம் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். தன் 2016 ஹூண்டாய் க்ரெட்டா காரின் சென்டர் கன்சோலை, அதாவது முன் சீட் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு, 2018-ல் முகம் மாற்றி வந்த ஃபேஸ்லிஃப்ட் க்ரெட்டாவின் கன்சோலை, அதாவது வயர்லெஸ் சார்ஜிங் தட்டு வைத்ததை, புதுப்பேட்டையில் வாங்கி மாட்டினாராம். மாட்டட்டும், அவர் வண்டி, அவர் காசு. ஆனால் கடைசியில் "ஒரு வயரைக்கூட வெட்டவில்லை, கம்பெனி ஃபிட்டிங் மாதிரியே உட்கார்ந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம்" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதை நம்பி ஆட்கள் கன்சோலைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து "இதில் வயர் வேலையே இல்லையாமே, கூலி எதற்கு" என்று கேட்கிறார்கள். முதல் க்ரெட்டா 2015 ஜூலையில் வந்தது. வயர்லெஸ் சார்ஜர் 2018 மே மாதம்தான் வந்தது, அதுவும் உயர்ந்த வேரியன்ட்டில். 2016 வண்டியின் வயரிங்கில் அதற்கென்று ஒரு சாக்கெட்டே கிடையாது. அப்படியென்றால் அந்தத் தட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, தம்பி? காற்றிலிருந்தா?

தாம்பரம் 16:
அண்ணே, என் பதிவை முழுசாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா? 12 வோல்ட் சாக்கெட்டுக்குப் போகும் வயரில் ஒரு கிளிப் போட்டேன் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். நீலக் கலர் கிளிப், எல்லா ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். வயரை உள்ளே வைத்து ப்ளையரால் ஒரு அழுத்து, முடிந்தது. வெட்டவில்லை. மறுபடியும் சொல்கிறேன், வெட்டவில்லை. மற்றபடி வேலை என்ன பெரிய வேலை? கியர் நாப்பைத் திருகிக் கழற்றினேன், கியர் பூட்டின், அதாவது கியர் கம்பைச் சுற்றியிருக்கும் உறையின் ஃப்ரேமை பிளாஸ்டிக் நெம்புகோலால் நெம்பினேன், ஆர்ம்ரெஸ்ட் பெட்டிக்குள் இருக்கும் மேட்டைத் தூக்கி ஸ்க்ரூக்களை எடுத்தேன், ஹேண்ட்பிரேக்கை முழுசாக மேலே இழுத்துவிட்டுக் கன்சோலைப் பின்பக்கமாகத் தூக்கினேன். புதியது அதே இடத்தில் உட்கார்ந்தது. ஓர் இடத்தில்கூடப் பிளாஸ்டிக்கை அறுக்கவில்லை. செய்து பார்த்தவன் நான். செய்யாதவர்கள் கடையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார்கள்.

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
அந்த நீலக் கிளிப்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே கவட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும். நீங்கள் ப்ளையரால் அழுத்தும்போது அந்தத் தகடு வயரின் மேல்தோலைக் கிழித்துக்கொண்டு செம்புக் கம்பியில் இறங்குகிறது. வயர் கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் இழைகளிலும் நாலைந்து அறுந்து போகும். கழற்றிப் பார்த்தால் செம்பில் பல் பட்ட தடம் தெரியும். இதற்குப் பெயர் வெட்டவில்லையா? உங்கள் ஊரில் வெட்டுவது என்றால் இரண்டு துண்டாகக் கீழே விழ வேண்டுமா?

தாம்பரம் 16:
தோலில் ஓட்டை போடுவது வேறு, வயரை வெட்டுவது வேறு. கிளிப்பை எடுத்துவிட்டால் வயர் முழுசாக இருக்கிறது. நான் எழுதியது "வெட்டவில்லை". அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

மதுரை டீசல்:
ஈரோடு அண்ணன் வந்துவிட்டார், இனி யாரும் தூங்க முடியாது. போன தடவை 1.6 டீசலுக்கு எந்த பேட்டரி போடுவது என்று கேட்டதற்கு என்னை எப்படிப் பேசினார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் கடையில் வாங்காதவன் எல்லாம் முட்டாள். தாம்பரம் தம்பி, நீங்கள் செய்தது சரிதான். ஒரு சார்ஜிங் தட்டு எவ்வளவு கரண்ட் இழுத்துவிடப் போகிறது?

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
பேட்டரி விஷயத்தை இங்கே இழுக்காதீர்கள். அங்கே நான் சொன்ன ஆம்பியர் கணக்கு சரியானது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

தட்டு எவ்வளவு இழுக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். போனுக்கு 15 வாட் கொடுக்கும் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 20 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். 12 வோல்ட்டால் வகுத்தால் 2 ஆம்பியர்கூட வராது. 12 வோல்ட் சாக்கெட் லைன் பொதுவாக 10 ஆம்பியருக்குக் குறையாமல் தாங்கும். ஆகவே நான் கரண்ட் அதிகம் என்று எங்குமே சொல்லவில்லை. நான் சொல்வது அந்தக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தைப் பற்றி. வண்டி ஓடும்போது அதிர்வில் அந்தப் பிடி தளரும். தாம்பரத்துக்குக் கடல் காற்று வேறு, கிழிந்த தோல் வழியாக ஈரம் போய் செம்பு பச்சை பூக்கும். தளர்ந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். அதே லைனில் நாளைக்கு டயருக்குக் காற்றடிக்கும் பம்பை மாட்டுவீர்கள், அது 10 ஆம்பியர் இழுக்கும். அப்போது தெரியும்.

தாம்பரம் 16:
அதற்குத்தான் ஃப்யூஸ் என்று ஒன்று கம்பெனிக்காரன் வைத்திருக்கிறான். சூடானால் ஃப்யூஸ் போய்விடும். எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும்.

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
எட்டாம் வகுப்போடு நிறுத்தியதால்தான் இந்தப் பதில் வருகிறது. ஃப்யூஸ் போவது கரண்ட் அளவு மீறினால் மட்டும்தான். தளர்ந்த இணைப்பில் கரண்ட் கூடுவதே இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறையும். சூடு மட்டும் அந்த ஒரு இடத்தில் ஏறும். பிளாஸ்டிக் உருகி வாசனை வரும் வரை ஃப்யூஸ் நன்றாகவே இருக்கும். கருகிப்போன சாக்கெட்டோடு எங்கள் கடைக்கு வருகிற வண்டிகளில் ஃப்யூஸ் எடுத்துப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். ஃப்யூஸ் பெட்டியிலிருந்தே ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்தில் சொருகித் தனி லைன் எடுக்கும் அடாப்டர்) போட்டுத் தனி லைன் இழுத்து, அதற்குத் தனியாக 3 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்திருந்தால் நானே வந்து கை கொடுத்திருப்பேன். அதுவும் சாவியை ஏசிசி-க்கு, அதாவது இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் வரும் நிலைக்குத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற ஃப்யூஸாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

மறைமலைநகர் எக்கோ:
வயர் வயர் என்று அடித்துக்கொள்கிறீர்கள். கன்சோல் என்றால் முக்கியமானது ஸ்க்ரீன் அல்லவா? என் 2014 ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் 2017 நவம்பர் ஃபேஸ்லிஃப்ட்டின் மிதக்கிற டச் ஸ்க்ரீனை வைக்க வேண்டும் என்று அலைந்தேன். டேஷ்போர்டே வேறு. மேல்பகுதி முழுவதும் மாற்ற வேண்டும், ஏசி பேனல், வென்ட் எல்லாம் சேர்த்து. பொருள் கேட்டால் "ஃபோர்டா சார்" என்று சிரிக்கிறார்கள். 2021-ல் கம்பெனி உற்பத்தியை நிறுத்துகிறேன் என்று சொன்னதிலிருந்து இதே கதைதான். உங்களுக்கு ஸ்பேர் கிடைக்கிறது, அந்தத் திமிரில் நீலக் கிளிப்புக்குச் சண்டை போடுகிறீர்கள்.

தாம்பரம் 16:
ஜி, நான் பேசுவது இரண்டு சீட்டுக்கு நடுவில் இருக்கும் கன்சோல். ஸ்க்ரீன் என் பதிவிலேயே இல்லை.

மறைமலைநகர் எக்கோ:
ஸ்க்ரீனை மாற்றாமல் சும்மா ஒரு தட்டை மாற்றியதற்கா இவ்வளவு பெருமை?

மதுரை டீசல்:
ஃபோர்டு வைத்திருப்பவர்கள் எந்தத் திரியில் வந்தாலும் ஒப்பாரிதான். வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்குங்களேன்.

மறைமலைநகர் எக்கோ:
இந்த ஊரிலேயே செய்து வெளிநாட்டுக்கெல்லாம் ஏற்றுமதி ஆன வண்டி அது. கதவைச் சாத்தும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். உங்கள் தகர டப்பாவோடு ஒப்பிடாதீர்கள்.

பாலிசி வாத்தியார்:
எல்லோரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இது சட்டப்படி செல்லுமா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரலாம். தாம்பரம் சார் இதையும் அந்தப் பதிவில் எழுதியிருக்க வேண்டும்.

தாம்பரம் 16:
சார், அந்தப் பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறக் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. ஆர்சி-யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது, நிறம் இருக்கிறது, சீட் எண்ணிக்கை இருக்கிறது. கப் ஹோல்டர் எத்தனை என்று எந்த ஆர்சி-யில் போட்டிருக்கிறார்கள்?

பாலிசி வாத்தியார்:
கப் ஹோல்டரைப் பற்றி நான் பேசவில்லை. எலக்ட்ரிக்கல் பொருள் ஒன்றை வெளியிலிருந்து வாங்கி வைத்திருக்கிறீர்கள். கம்பெனி வைக்காத எலக்ட்ரிக்கல் ஆக்சசரிக்கு ஐஎம்டி 24 என்று ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பிரிவு இருக்கிறது, அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். கட்டினீர்களா? நாளைக்கு வயர் எரிந்து வண்டி போனால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் தேடுவது இந்த மாதிரி இணைப்பைத்தான். ஈரோடு சார் சொன்ன அந்த வெட்டு அவர் கண்ணில் படாமல் போகாது.

தாம்பரம் 16:
வெட்டு இல்லை என்று எத்தனை தடவை சொல்வது!!

பொள்ளாச்சி பெட்ரோல்:
ஒரு சந்தேகம். என்னிடமும் 2016 பெட்ரோல்தான் இருக்கிறது. போடுவதே போடுகிறோம், 2020-ல் வந்த புது க்ரெட்டாவின் கன்சோலையே போட்டால் என்ன? அதில் ஹேண்ட்பிரேக் கம்பே இல்லாமல் பட்டன் மட்டும் இருக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு.

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
பார்த்தீர்களா, தாம்பரம் ஆரம்பித்து வைத்தது எங்கே வந்து நிற்கிறது என்று? தம்பி, அந்தப் பட்டனுக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று நினைத்தீர்களா? பின்சக்கர பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரில் மோட்டார் இருக்கிறது, அதை இயக்க கன்ட்ரோலர் இருக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது கம்பி இழுத்துப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக். அதை எடுத்துவிட்டுப் பட்டனை ஒட்டினால் வால்பாறைக் கொண்டை ஊசியில் வண்டியை நிறுத்திவிட்டு என்ன செய்வீர்கள், டயருக்குக் கல் வைப்பீர்களா? 2020 க்ரெட்டா வேறு பிளாட்ஃபார்ம், அதாவது அடிக்கட்டமைப்பே வேறு, அந்தக் கன்சோல் உங்கள் டேஷ்போர்டோடு சேரவே சேராது. 2018 என்பது அதே உடம்புக்கு முகம் மாற்றியது, அதனால்தான் அது உட்கார்ந்தது. உட்கார்ந்ததை நான் மறுக்கவே இல்லை. வயரை வெட்டிவிட்டு வெட்டவில்லை என்று சொன்னதைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. கன்சோலைத் தூக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினீர்களா? அந்தக் கன்சோலுக்கு அடியில், நடுத் தரையில்தான் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் உட்கார்ந்திருக்கிறது. அதன் வயரில் மஞ்சள் கனெக்டர் பார்த்திருப்பீர்கள். பேட்டரியைக் கழற்றி சில நிமிடம் விட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கமே கை கொண்டுபோக வேண்டும், உள்ளே கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் சார்ஜ் தங்கும். உங்கள் பதிவில் பேட்டரி என்ற சொல்லே இல்லை. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம் என்ற வரி மட்டும் இருக்கிறது.

சும்மா ஒரு பார்வை:
12 வோல்ட் சாக்கெட்டில் சொருகுகிற மாதிரி வயர்லெஸ் சார்ஜர் கடையில் விற்கிறார்கள். கழற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம். அதை வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லையே?

மதுரை டீசல்:
ஈரோடு அண்ணே, ஏர்பேக் என்று பயமுறுத்தித்தான் எல்லோரையும் கடைக்கு வரவழைக்கிறீர்கள். அந்த மஞ்சள் கனெக்டரை அவர் தொடவே இல்லை. தொடாததற்கு எதற்கு பேட்டரியைக் கழற்ற வேண்டும்?

தாம்பரம் 16:
சரியாகச் சொன்னீர்கள். நான் மஞ்சள் கனெக்டரைத் தொடவில்லை, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் எரியவில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது, போன் சார்ஜ் ஏறுகிறது. என் பழைய கன்சோலின் ஒரு க்ளிப்பில்கூட வெள்ளைக் கோடு விழவில்லை. பிளாஸ்டிக்கை முரட்டுத்தனமாக வளைத்தால் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒரு கோடு விழும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு சர்வீஸ் சென்டரில் ஏசி ஃபில்டர் மாற்றக் கொடுத்தேன், க்ளவ் பாக்ஸ் ஓரத்தில் அந்த வெள்ளைக் கோட்டோடுதான் வண்டி திரும்பி வந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி என் வண்டியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று. தொழில்காரர்கள் செய்தால் எல்லாம் சரி, நாங்கள் செய்தால் எல்லாம் தப்பா?

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
எந்த சர்வீஸ் சென்டரோ செய்ததற்கு என்னிடம் கோபப்படாதீர்கள். கன்சோலின் பிளாஸ்டிக் க்ளிப்பைக் காப்பாற்றியது நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன். செம்பைக் காப்பாற்றினீர்களா? அந்த நீலக் கிளிப்பைத் திறந்து, வயரை அருகில் வைத்து ஒரு போட்டோ போடுங்கள். ஓர் இழைகூட அறுபடவில்லை என்றால் அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

தாம்பரம் 16:
உங்களுக்காகக் கன்சோலை மறுபடி கழற்ற வேண்டுமா? முடியாது. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

மறைமலைநகர் எக்கோ:
போட்டோ போட மாட்டாராம், ஆனால் பதிவு மட்டும் பக்கம் பக்கமாகப் போடுவாராம். ஹூண்டாய்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான்.

மதுரை டீசல்:
ஃபோர்டு ஜி, உங்கள் டச் ஸ்க்ரீன் கிடைத்ததும் அதை முதலில் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
சரி, போட்டோ வேண்டாம். இதற்காவது பதில் சொல்லுங்கள். பாசிட்டிவை 12 வோல்ட் சாக்கெட் லைனில் எடுத்தீர்கள். எர்த், அதாவது நெகட்டிவ் எங்கே எடுத்தீர்கள்? அதற்கும் ஒரு கிளிப்பா, இல்லை கன்சோலுக்கு அடியில் கைக்கு எட்டிய போல்ட்டில் சுற்றிவிட்டீர்களா? அங்கே கைக்கு எட்டுகிற போல்ட்டில் பாதி ஏர்பேக் யூனிட்டைப் பிடித்திருக்கும் போல்ட்தான்.

தாம்பரம் 16:
எர்த் எங்கே எடுத்தேன் என்பது எனக்கும் என் வண்டிக்கும் தெரிந்தால் போதும். நான் எழுதியது வயர் வெட்டவில்லை என்று. எர்த்துக்கும் வயரை வெட்டவில்லை.