முப்பத்தைந்து வயதில் ஃபிளமெங்கோ: கும்பகோணத்தில் இருந்துகொண்டு முடியுமா?

குடந்தைக்காரி:
சின்ன வயதில் பரதம் கற்றேன், சலங்கை பூஜையோடு நின்றுபோனது. இப்போது ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ நடனக்காரி கார்மென் அமயா கால்சட்டை போட்டு ஆடும் ஒரு பழைய வீடியோவைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு. அந்தக் கால் வேகம்! இங்கே சொல்லித்தர யாருமில்லை, ஆன்லைன் வகுப்புதான். பரதம் பழகிய உடம்புக்கு இது வருமா? ஷூ உடனே வாங்க வேண்டுமா? குடியிருப்பது மாடி வீடு, கீழே வீட்டுக்காரர்.

திருவையாற்று மிருதங்கம்:
எனக்கு ஆடத் தெரியாது, கணக்கு மட்டும் சொல்கிறேன். ஃபிளமெங்கோவில் புலேரியாஸ் என்ற தாள வகை 12 எண்ணிக்கை. 12, 1, 2, 3 என்று 12-இலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். 12, 3, 6, 8, 10-இல் அழுத்தம் விழும். அதாவது தகிட தகிட தக தக தக. அவ்வளவுதான். தாங்கோஸ் என்ற இன்னொரு வகை நாலு எண்ணிக்கை, ஆதி தாளம் கேட்ட காதுக்கு ஒன்றுமே இல்லை.

மேல வீதி, தஞ்சை:
ஸ்பெயினில் செவியா நகரத்தில் வேலை பார்த்தபோது அங்கேயே கற்றுக்கொண்டவள் நான். பரதத்தில் குதித்துமெட்டு அடவு நன்றாக ஆடியிருந்தால், முன்பாதம் வேறு குதிகால் வேறாகத் தட்டுவது உங்களுக்குச் சீக்கிரம் வரும். ஆனால் பரதத்தின் அரைமண்டி நிலை லேசில் விடாது. பாட்டு தொடங்கியதும் முழங்கால் தானாக இரண்டு பக்கமும் விரியும். இங்கே அது லேசாக மடங்கி, நேராக முன்னே பார்க்க வேண்டும். காலைப் பின்பக்கம் தூக்கித்தான் அடிக்க வேண்டும். என் டீச்சர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு துண்டைச் செருகி, அது விழாமல் தட்டச் சொல்வார். கையிலும் இதே தொல்லை. மணிக்கட்டு சுழலச் சுழல விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து மூட வேண்டும், நானோ பரதத்தின் அலபத்ம முத்திரையில் போய் நின்றுவிடுவேன்.

நமக்கு நட்டுவனார் தாளம் போடுவார், நாம் ஆடுவோம். அங்கே ஆடுகிறவள்தான் நட்டுவனார். ஒரு கோர்வையை ஓங்கித் தட்டி நிறுத்தினால் பாடகர் அடுத்த அடியை எடுப்பார். கால் வேகம் பிடித்தால் கிதார் பின்னாலேயே ஓடிவரும். வீடியோ பார்த்து அசைவை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் முதலில் பால்மாஸ், கைத்தட்டல். இரண்டு உள்ளங்கையையும் குழித்துத் தட்டினால் மொத்தையான ஓசை. விரல்களால் உள்ளங்கையில் அடித்தால் சுள்ளென்று கேட்கும். மேலே மிருதங்கக்காரர் சொன்ன கணக்கு கையில் ஏறும்வரை ஷூவுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

அந்த ஷூவின் நுனியிலும் குதியிலும் நெருக்கமாக ஆணி அடித்திருக்கும். டைல்ஸ் மேல் ஆடினால் டைல்ஸ் போகும், வெறும் சிமெண்டில் ஆடினால் முழங்கால் போகும். ஆசாரியிடம் சொல்லி நாலடிக்கு நாலடி கெட்டியான ப்ளைவுட் வெட்டி வாங்கி, அடியில் ரப்பர் பாய் போடுங்கள். அப்போதும் கீழே கேட்கும், வீட்டுக்காரர் வருவார்!

அப்புறம், கார்மென் அமயாவே ஃபிளமெங்கோவின் தாயகமான தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் பிறந்தவரில்லை. பார்சிலோனாவில் கடற்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்தவர்.

குடந்தைக்காரி:
பாபநாசத்தில் மாமனார் வீட்டில் நெல் போடும் கொட்டகை இருக்கிறது. சம்பா அறுப்பு வரை காலிதான். மாமியாரைச் சம்மதிக்க வைத்துவிடலாம். மண்தரை, பரவாயில்லையா?

மேல வீதி, தஞ்சை:
தாராளமாக. மட்டம் பார்த்து, அடியில் மணல் பரப்பிப் பலகையைப் போடுங்கள். மூலை ஆடினால் கணுக்கால் பிசகிவிடும்.