ஃபோனில் பார்த்ததில் எது உங்கள் வாழ்க்கையில் ஒட்டியது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நோர்வூட்காரன்:

எனக்கு ஒட்டியது ஒரு மழைமானி. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் நானே செய்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன், ஜூன் மாதம். மூன்று நாளாக விடாத மழை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஏறினால் தேயிலை, அதற்கு மேலே மானாப்புல். இரவு ஒன்பதரை இருக்கும், ஒரு வீடியோ வந்தது. மலை பிளந்து இறங்கி வீடுகளை இழுத்துக்கொண்டு போகிறது. கூடவே ஒரு குரல்: "இன்னைக்கு ராத்திரி நம்ம பக்கம் சரியப் போகுது, எல்லாரும் வெளியேறுங்க." நான் அதை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு மண்சரிவு என்றால் வெறும் செய்தி இல்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் ஒருவரும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் கைக்குழந்தைகளைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் கோயிலடிக்குப் போய்விட்டார்கள். கரண்ட் இல்லை. நாலாவது காம்பராவில் இருக்கும் அப்பாயி சீமெந்துப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

விடிந்தது. மலை இருந்தபடியே இருந்தது.

ஏ.எல். படிக்கும் அக்கா மகன் அந்த வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கிக் காட்டினான். "பாருங்க மாமா, பின்னால போற லொறி ரோட்டில வலது பக்கமா ஓடுது. நம்ம நாட்டுல இடது பக்கம்தானே?" அவ்வளவுதான் விஷயம். ஒரு லொறியைக் கவனித்திருந்தால் போதும். மதியம் அப்பாயியைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ நல்லதுக்குத்தானே தம்பி போட்ட" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இனி எதையும் அனுப்பமாட்டேன் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. பயம் வந்தால் கை தானாக ஃபோனுக்குத்தான் போகிறது. அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மழைமானி செய்து காட்டும் வீடியோ கண்ணில் பட்டது. முழுசாக, இரண்டு தடவை பார்த்தேன்.

செய்வது சுலபம். போத்தலின் மேல் பகுதியை, சரிவு முடிந்து நேராகும் இடத்தில் வெட்டி, தலைகீழாகத் திருப்பிப் புனல் மாதிரி உள்ளே வைக்க வேண்டும். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்குமே, அங்கே சரளைக்கல் போட்டு, கல் மறையும்வரை தண்ணீர் விட வேண்டும். அந்த மட்டம்தான் பூச்சியம். அதிலிருந்து ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் ஒட்டினால் முடிந்தது. வாயும் வயிறும் ஒரே அகலம் என்பதால், தண்ணீர் எத்தனை மில்லிமீற்றர் ஏறியிருக்கிறதோ மழையும் அத்தனை மில்லிமீற்றர். நான் முதலில் கூரை ஓரத்தில் வைத்துவிட்டேன், தகரத்தில் வழிந்த தண்ணீரெல்லாம் அதற்குள் விழுந்தது. அப்புறம் மரக்கறித் தோட்டத்தின் நடுவில், வெட்டவெளியில் ஒரு கம்பு நட்டுக் கட்டினேன்.

தினமும் காலை 8.30க்கு அளக்கிறேன். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரக் கணக்கில்தான் ஒரு நாளில் எவ்வளவு மழை என்று சொல்கிறது. எனக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, ஒன்பதுக்குத்தான் திறப்போம், நேரம் சரியாக இருக்கிறது. குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும், நடுவில் பதிந்திருக்கும், அந்த நடுவைத்தான் எடுக்க வேண்டும். கொப்பியில் தேதி, எண், பக்கத்தில் ஒரு வரி. இப்போது மூன்றாவது கொப்பி.

எண் தெரிந்த பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்று தேடினேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்துத்தான் மண்சரிவு அறிவிப்பை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக ஏற்றுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று மூடமுடியாமல் இறுகும் கதவு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், இதில் ஒன்றைக் கண்டாலும் போத்தலைப் பார்க்கப் போகாமல் கிளம்பிவிட வேண்டும். இதை நான் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டு இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) ஒட்டியிருக்கிறேன்.

இப்போது குழுவில் ஏதாவது பயமுறுத்தும் வீடியோ வந்தால் நான் அதை அனுப்புவதில்லை, அனுப்பியவரோடு சண்டையும் போடுவதில்லை. "நம்ம இடத்துல காலையிலிருந்து 31" என்று மட்டும் போடுவேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது 100ஐத் தாண்டியதும், இருட்டுவதற்கு முன்னாலேயே எல்லோரும் பாடசாலைக்குப் போய்விட்டோம். அப்பாயியை நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போனேன். அதே படி.

பண்டாரவளை அக்கா:

தம்பி, படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என்னுடையது சின்ன விஷயம்தான், சொல்கிறேன்.

எனக்குச் சிங்களம் பேச வராது. காது கேட்கும், வாய் வராது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டுதான் போவேன், அவளுக்கு அன்றைக்குத் தோட்டத்தில் வேலைக்கு வந்த பேர் போகும், ஒரு நாள் சம்பளம் போகும். ஒரு டீச்சர் தமிழில் சிங்களம் சொல்லிக்கொடுக்கும் குட்டி வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். பார்த்தால் மட்டும் பதியவில்லை. ரொட்டிக்கு மா பிசையும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், அப்போதுதான் பதிந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வசனம்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் மருந்துத் துண்டை நீட்டி, "மேக்க கேமட்ட கலிந்த, பஸ்ஸெத?" என்று கேட்டேன். இது சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று. மருந்து கொடுக்கும் அந்த நங்கி (தங்கச்சி) நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, "பஸ்ஸெ அம்மே" என்றாள். பஸ்ஸில் வரும்போது மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகத் தனியாகப் போய்த் தனியாக வந்திருக்கிறேன்.

கொட்டகலை:

நோர்வூட் அண்ணே, எங்கள் பக்கம் கிடைக்கும் போத்தலெல்லாம் வளையம் வளையமாக இருக்கிறது. அதில் அளவு சரியாக வருமா? எங்கள் லயத்துக்குப் பின்னாலும் மண்மேடுதான்.

நோர்வூட்காரன்:

அக்கா, அது சின்ன விஷயமே இல்லை. அந்த வசனத்தை நானும் எழுதி வைத்துக்கொண்டேன்.

கொட்டகலைத் தம்பி, வளையம் உள்ளதில் அளவு பிசகும். பக்கம் நேராக, வழவழப்பாக இருக்கும் போத்தலாகத் தேடுங்கள், எங்கள் கடைக்குப் பக்கத்து ஹோட்டலில் எனக்காக இரண்டு எடுத்து வைத்திருக்கிறார்கள், ஒன்றை உங்களுக்குத் தரலாம். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டுங்கள், கையைக் கிழிக்கும். பின்னால் இருக்கும் மண்மேட்டில் வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே வெளிச்சத்தில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். இருந்தால் உடனே கிராம சேவகரிடம் சொல்லுங்கள், 117க்கும் அழைக்கலாம், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

இங்கே இன்று காலை 14.