நைஸ் 19 போட்டா ஒரு துளி சிபியுகூடக் குறையாதாம்!

பைட்பாண்டி: முனையம்முருகு நேத்து எழுதினது: "வீடியோ என்கோடிங்கை நைஸ் 19ல ஓட விடுங்க, மத்த வேலைக்கு ஒரு துளி சிபியுகூடக் குறையாது." லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தோட மையம்) கோடை ஒருதடவையாவது திறந்து பாத்தாரா? நைஸ்னா ஒரு வேலை மத்ததுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கணும்ங்கிற எண்; 0 சாதாரணம், 19 உச்சம். சிபியுவைப் பங்கு போடுற எடை நைஸ் 0க்கு 1024, நைஸ் 19க்கு 15. பதினஞ்சு! சுழியம் இல்லை. ஒரே கோர்ல ரெண்டும் மோதினா 1.4% அதுக்குப் போயே தீரும்.

முனையம்முருகு: 1.4க்கா இவ்வளவு கூப்பாடு? உங்க விரல்ல ஸ்டாப்வாட்ச் கட்டியிருக்கா தலைவா?

பைட்பாண்டி: "குறையாது"ன்னீங்க. 15. அதோட ஆட்டோகுரூப்னு ஒண்ணு இருக்கு, 2011ல கர்னல் 2.6.38ல வந்தது. செஷனுக்கு, அதாவது டெர்மினலுக்கு, ஒரு குழு; குழுக்களுக்குச் சிபியு சமமாப் போகும். நைஸ் அந்தக் குழுவுக்குள்ள மட்டும்தான் செல்லும். ஒரு டெர்மினல்ல உங்க 19, இன்னொண்ணுல சாதா கம்பைல், கோர் ஒண்ணுதான்னா ஆளுக்குப் பாதி! தனியா நிக்கிற 19 யாருக்கு விட்டுக்கொடுக்கும்?

இரவுக்கம்பைல்: சிகுரூப்னா வேலைகளைக் குழுவாக் கட்டிப் பங்கு போடுற கர்னல் வசதி. ஆட்டோகுரூப் அதோட உச்சிக் குழுவான ரூட் சிகுரூப்ல இருக்கிற டாஸ்குக்கு மட்டும்தான். சேவைகளை நடத்துற சிஸ்டம்டி, சிகுரூப்போட சிபியு கன்ட்ரோலரைப் போட்டு டாஸ்கை வேற குழுவுக்கு மாத்திட்டா செல்லாது. அரைகுறை.

பைட்பாண்டி: சிகுரூப்லயும் நைஸ் குழுவைத் தாண்டாதே சாமி! அரைகுறைன்னு சொல்றது யாரு? பேஜ் கேஷைப் (டிஸ்க் கோப்புகளை வேகத்துக்காகக் கர்னல் மெமரில வச்சிருக்கிறது) பாத்துட்டு மெமரி லீக்னு (மெமரி விடுபடாம வீணாகுதுன்னு) சாதிச்சவர்.

பழையகர்னல்: இந்தக் கூத்தெல்லாம் தேவையே இல்லை. நியாயமான பங்கீடு முடியும் என்று 2007இலேயே கோடு எழுதிக் காட்டியவர் கான் கோலிவாஸ், தொழிலால் மயக்க மருந்து மருத்துவர். கர்னல் 2.6.23இல் ஏறியதோ, கர்னல் நிரலாளர் இங்கோ மோல்னாரின் சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர் (சிபியுவைப் பங்கிடும் பகுதி). மனிதர் வெறுத்து ஒதுங்கிவிட்டார்.

முனையம்முருகு: இங்கோ தன் அறிவிப்புலயே அவருக்குப் பேரு கொடுத்திருக்காரே ஐயா.

பழையகர்னல்: பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெர்ஜ் ஆனது யாருடைய கோடு?

இரவுக்கம்பைல்: சிஎஃப்எஸ்ஸே போயாச்சு. 2023ல கர்னல் 6.6ல ஈஈவிடிஎஃப்னு வேற ஷெட்யூலர் முறை வந்துடுச்சு. ஸ்டோய்காவும் அப்தெல்-வஹாபும் 90கள்ல எழுதின அல்காரிதம்.

பைட்பாண்டி: வரட்டும். எடை அட்டவணை அப்படியேதான் இருக்கு. 15.

முனையம்முருகு: நான் சொல்ல வந்ததே ஷெட்-ஐடில்தான், நைஸ் 19ஐ விடவும் தாழ்ந்த வகை. அதுல போட்டா எதையும் தொடாது.

பைட்பாண்டி: அதுக்கும் எடை 3! வேணும்னேதான் சுழியம் வைக்கல. பின்னணி வேலை கர்னலுக்குள்ள ஒரு லாக்கை (ஒருத்தர் விட்டாத்தான் அடுத்தவர் எடுக்க முடியிற பூட்டு) பிடிச்சிருக்கும்போது அதுக்குச் சிபியுவே கிடைக்கலைன்னா, அந்த லாக்குக்குக் காத்திருக்கிற உங்க முன்னணி வேலையும் சேந்து தொங்கும். கொஞ்சமாவது ஓடினாத்தான் லாக்கை விடும். இதைக்கூட யோசிக்காம ஊருக்கு உபதேசம்.

முனையம்முருகு: எட்டு கோர் மெஷின்ல ஒரு கோர் கணக்கை வச்சுப் பாடம் எடுக்கிறாரு பாருங்க. மத்த ஏழும் உங்க வீட்டு உத்தரத்துலயா தொங்குது?

பைட்பாண்டி: என்கோடர் எட்டு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற இழை) போட்டு எட்டு கோரையும் பிடிக்கும்னு தெரியாதா? எட்டுலயும் 15.

இரவுக்கம்பைல்: 15ஐ விடுங்க. அந்த மெமரி லீக் ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இன்னும் இருக்கு. போடவா?