அண்டார்டிகாவில் அந்த ஐந்து மீட்டர் எங்கே போனது?

உப்புக்காற்று:
பயணப் பகுதியில தென்முனை போட்ட அண்டார்டிகா கட்டுரையைப் படிச்சேன். "நாங்கள் போனது சுற்றுலா அல்ல, கல்விப் பயணம். பெங்குவினுக்கு ஐந்து மீட்டருக்குள் யாரும் போகவில்லை. எங்களால் ஒரு பறவைக்கும் தொந்தரவு இல்லை"ன்னு அடிச்சுச் சொல்லியிருக்கார். அதுக்குக் கீழேயே படம். படத்துல அவர் பூட்ஸ் முனையை ஒரு ஜென்டூ பெங்குவின் கொத்திக்கிட்டு நிக்குது. ஐந்து மீட்டர் எங்கே சார்? இதுக்குப் பதில் வரட்டும், கல்வியை அப்புறம் பேசலாம்.

தென்முனை:
படத்தைப் பார்த்தீர்கள், படத்துக்குக் கீழே எழுதியதைப் படிக்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அதுவாக வந்தது. ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி மனிதருக்குத்தான். பறவை நெருங்கினால் அசையாதீர்கள், அதன் பாதையை மறிக்காதீர்கள் என்றே வழிகாட்டி சொன்னார். அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயா துறைமுகத்தில் கப்பல் ஏறியதிலிருந்து, அண்டார்டிகாவுக்கு முன்னால் உள்ள டிரேக் பேசேஜ் கடற்பகுதியைக் கடக்கும் வரை எங்களுக்கு வகுப்புகள்தான். கடற்பறவை ஆய்வாளர், பனிப்பாறை ஆய்வாளர், வரலாற்றாசிரியர் என்று மாறி மாறிப் பேசினார்கள். விதையோ மண்ணோ ஒட்டியிருக்கக் கூடாதென்று பை, சட்டைப்பை, ஷூவின் ஒட்டுப்பட்டை வரை வாக்யூம் போட்டு உறிஞ்சினார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏறும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவினோம். இதற்குப் பெயர் கல்வி இல்லையென்றால் வேறு எதற்கு?

உப்புக்காற்று:
வாக்யூம் கதையை நான் கேக்கலை. ஐந்து மீட்டர் எங்கேன்னு கேட்டேன்.

மாலுமி மகன்:
கப்பல்காரன் நான் கொஞ்சம் சொல்றேன். 500 பயணிகளுக்கு மேல் ஏத்துற கப்பல் அங்கே யாரையும் கரையிறக்கக் கூடாது. ஒரே நேரத்துல கரையில 100 பயணிகளுக்கு மேல் நிக்கக் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேணும். 1991ல் தொடங்கின கப்பல் நிறுவனங்களோட சங்கம், இயாட்டோ, இதையெல்லாம் நடைமுறையில வச்சிருக்கு. 2009ல் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளும் இதை ஏத்துக்கிட்டாங்க. 2011 ஆகஸ்ட்ல இருந்து கப்பல்ல எரிக்கிற கன எரிஎண்ணெயே அந்தக் கடல்ல தடை. யாரும் கேக்க ஆளில்லாம அங்கே திரியலை.

உப்புக்காற்று:
நூறு பேர் ஏறினதும் அடுத்த நூறு பேர் இறங்குவாங்க. அந்தக் கப்பல் போனதும் அதே கரைக்கு இன்னொரு கப்பல் வரும். குவர்வில் தீவு, ஹாஃப் மூன் தீவு, டிசெப்ஷன் தீவுன்னு எல்லாரும் போறது அதே கொஞ்ச இடங்கள்தான். 2023-24 பருவத்துல மட்டும் 1,20,000 பேருக்கு மேல் போயிருக்காங்க. அத்தனை பேரும் ஐந்து மீட்டர் தள்ளி நின்னாங்களா? டேப் வச்சு அளந்தது யாரு?

மாலுமி மகன்:
அந்தக் கணக்குல மூணுல ஒருத்தருக்கு மேல் கரையில காலே வைக்கலை. கப்பல்ல இருந்தே பார்த்துட்டுத் திரும்பினவங்க. முழு எண்ணை எடுத்துப் போட்டு பயம் காட்டாதீங்க.

உப்புக்காற்று:
மீதிப் பேர் வச்சாங்க இல்லையா? அவங்களைத்தான் கேக்கறேன்.

திருச்சி வாத்தியார்:
இங்கே ஒருவரும் ஆய்வைப் பற்றிப் பேசவில்லை. பழைய பிரிட்டிஷ் நிலையமும் தபால் நிலையமும் உள்ள போர்ட் லாக்ராய் இருக்கும் கூடியர் தீவில் ஒரு பகுதியில் பயணிகள் நடக்கிறார்கள், இன்னொரு பகுதியில் யாரும் கால் வைப்பதில்லை. இரண்டு பக்கத்திலும் ஜென்டூ கூடுகளை எண்ணுகிறார்கள். 1999இல் வெளிவந்த ஆய்வு, குஞ்சு வளர்ப்பில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்றது. 1990களிலேயே கூட்டில் செயற்கை முட்டையை வைத்து அடைகாக்கும் பறவையின் இதயத்துடிப்பையும் அளந்திருக்கிறார்கள். மெதுவாக வந்து அமைதியாக நின்ற ஒருவரால் துடிப்பு பெரிதாக ஏறவில்லை. ஒரு படத்தை வைத்துக்கொண்டு கூச்சலிடுவது அறிவியல் ஆகாது, தம்பி.

உப்புக்காற்று:
வாத்தியாரே, நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க. மெதுவா வந்த "ஒருவர்". நூறு பேர் இல்லை. லாக்ராய்ல கூடு எங்கே இருக்கு? அந்தப் பழைய நிலையக் கட்டடத்தோட சுவர் ஓரத்துலயே இருக்கு. தபால் நிலையத்துக்குள்ள போறவங்க பக்கத்துல கூட்டை வச்சுக்கிட்டுத்தான் போறாங்க. அங்கே ஐந்து மீட்டர் எங்கே? இன்னொண்ணு, ஜென்டூ தாக்குப்பிடிக்கிற இனம். அண்டார்டிக் தீபகற்பத்துல தெற்கே பரவிக்கிட்டிருக்கு. அதே தீபகற்பத்தோட மேற்குக் கரையில அடேலி பெங்குவின் குறைஞ்சுக்கிட்டே வருது. நல்லா இருக்கிறதை எண்ணிட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு பாடம் நடத்தாதீங்க.

திருச்சி வாத்தியார்:
அடேலி குறைவதற்குக் கடல்பனி குறைவதும் அதன் இரையான கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரின் அளவு மாறுவதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தென்முனையின் பூட்ஸ் காரணமில்லை.

உப்புக்காற்று:
பூட்ஸ் காரணம்னு நான் எங்கே சொன்னேன்? பூட்ஸுக்கும் பறவைக்கும் நடுவுல ஐந்து மீட்டர் இல்லைன்னுதானே சொன்னேன்? வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க.

கொள்ளிடக்கரை:
உப்புக்காற்றுக்கு இன்னைக்குப் பறவை மேல பாசம் பொங்குது. பழவேற்காடு பூநாரைத் திரியில படகைக் கூட்டத்துக்குள்ள விட்டு அத்தனையையும் பறக்கவிட்டுப் படம் எடுத்தது யாருன்னு பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அன்னைக்கே கேட்டேன். பதில் வரலை, என் பின்னூட்டத்தைத்தான் தூக்கினாங்க.

உப்புக்காற்று:
படகை ஓட்டினது நான் இல்லை. அந்தத் திரியிலயே சொல்லிட்டேன். உங்களுக்கு அந்தப் படம் பரிசு வாங்கின வயித்தெரிச்சல் இன்னும் ஆறலை.

கொள்ளிடக்கரை:
பெங்குவின் அதுவா வந்துச்சுன்னு அவர் சொன்னா ஏத்துக்க மாட்டீங்க. படகு அதுவா போச்சுன்னு நீங்க சொன்னா நாங்க ஏத்துக்கணும்!

மட்டுறுத்துநர்:
பழவேற்காட்டை அந்தத் திரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜில்லு:
ஒரு சந்தேகம். ஒரே பயணத்துல பெங்குவினையும் துருவக்கரடியையும் பார்க்க முடியுமா?

மாலுமி மகன்:
முடியாது தம்பி. இயற்கையில வாழற துருவக்கரடி வடதுருவப் பக்கம் மட்டும்தான். அதுக்கு நார்வேக்கு வடக்கே இருக்கிற ஸ்வால்பார்டு தீவுகள் மாதிரி இடத்துக்குப் போகணும். அங்கே விதி ரொம்பக் கடுமை. 2025ல் இருந்து கரடிக்கு 300 மீட்டர் தள்ளி நிக்கணும்.

உப்புக்காற்று:
பாருங்க, கரடிக்கு 300 மீட்டர். பெங்குவினுக்கு ஐந்து. அந்த ஐந்தையும் காப்பாத்த முடியலை.

திருச்சி வாத்தியார்:
கரடி ஆளைக் கொல்லும். பெங்குவின் கொல்லுமா? எதற்கு எதை ஒப்பிடுகிறீர்கள்?

உப்புக்காற்று:
யாரு யாரைக் கொன்னாங்க? 2018 ஜூலையில ஸ்வால்பார்டுல கரையிறங்கின ஒரு பயணக் கப்பலோட காவலர்கள் கரடியைச் சுட்டுக் கொன்னாங்க. சுற்றுலாக்காரங்களைக் கரையிறக்கத்தான் அங்கே போனாங்க. அவங்களும் விதிப் புத்தகத்தைப் படிச்சவங்கதான்.

தென்முனை:
அந்தக் காவலர்களில் ஒருவரைக் கரடி தாக்கியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வடக்கே நடந்ததற்குத் தெற்கே போன நான் பதில் சொல்ல வேண்டுமா? அண்டார்டிகாவின் வில்ஹெல்மினா விரிகுடாவில் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் வால் துடுப்பின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து, எது எந்தத் திமிங்கிலம் என்று அடையாளம் காணும் தொகுப்புக்கு அனுப்பினோம். ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து மீட்டர் எண்ணுபவர் திமிங்கிலத்துக்கு என்ன செய்தார்?

கொள்ளிடக்கரை:
ரெண்டு பேருமே உண்மையான விஷயத்தைத் தொடலை. 2022ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. கப்பல், விமானம், டீசல் இயந்திரம் எல்லாத்துல இருந்தும் வர்ற கரித்துகள் பனி மேல படியுது, பனி கருத்து வெயிலை இழுத்துச் சீக்கிரம் உருகுது. ஒரு பயணிக்குச் சராசரியா 83 டன் பனி அந்த வகையில கூடுதலா உருகுதுன்னு மதிப்பிட்டிருக்காங்க. ஆராய்ச்சி நிலையங்களைச் சுத்தியும் அதே கரி இருக்குன்னு சொல்றாங்க. 83 டன்னுக்கு முன்னாடி ஐந்து மீட்டரெல்லாம் ஒரு பேச்சா?

உப்புக்காற்று:
பேச்சுதான். அவர் எழுதினது ஐந்து மீட்டர், 83 டன் இல்லை. அவர் எழுதினதுக்கு அவர் பதில் சொல்லட்டும். இதையும் சொல்லட்டும்: 2023 அக்டோபர்ல பறவைக்காய்ச்சல் தெற்கு ஜார்ஜியா தீவுக்கு வந்தது, 2024 பிப்ரவரியில தீபகற்பத்துலயே உறுதியாச்சு. அதுல இருந்து தரையில உட்காராதே, மண்டியிடாதே, பையைக் கீழே வைக்காதேன்னு விதி. உங்க ரெண்டாவது படத்துல பின்னால மஞ்சள் கோட்டுக்காரர் முட்டி போட்டுப் படம் எடுக்கறார். வகுப்புல அவர் தூங்கிட்டாரா?

தென்முனை:
அவர் என் குழுவில் இல்லை. வழிகாட்டி அவரை உடனே எழுந்து நிற்க வைத்தார், நான் பார்த்தேன். நீங்கள் போகாத இடத்தைப் பற்றி, நீங்கள் பார்க்காத நிமிடத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறீர்கள். அங்கே நின்றவன் நான்.

உப்புக்காற்று:
அங்கே போகாம இருக்கறதைத்தான் நான் பறவைக்குச் செய்யற நன்மைன்னு நினைக்கறேன். பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்துப் போய் நின்னதால விதி உங்களுக்காக வளையாது. ஐந்து மீட்டர்.

திருச்சி வாத்தியார்:
யாரும் போகாவிட்டால் அங்கே நடப்பதற்குச் சாட்சி ஏது? போய் வந்தவர்கள்தான் ஊரெல்லாம் எடுத்துச் சொல்கிறார்கள். என் மாணவர்களுக்கு இவருடைய படங்களைத்தான் காட்டினேன்.

உப்புக்காற்று:
பூட்ஸைக் கொத்தற படத்தையுமா காட்டினீங்க? பிள்ளைங்க நாளைக்கு எதை ஆசைப்படும்? தள்ளி நிக்கவா, தொட்டுப் பார்க்கவா?

திருச்சி வாத்தியார்:
என் வகுப்பில் என்ன காட்ட வேண்டும் என்று உங்களிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஜில்லு:
அப்போ ஸ்வால்பார்டுக்கே போறேன். 300 மீட்டர்ல கரடி தெரியுமா?

மாலுமி மகன்:
நல்ல பைனாகுலர் இருந்தா தெரியும். மார்ச் முதல் ஜூன் வரைக்கும் 500 மீட்டர், அதையும் பார்த்துக்க.

கொள்ளிடக்கரை:
பைனாகுலர் பத்தி உப்புக்காற்றுகிட்டக் கேளு தம்பி. பழவேற்காட்டுல அவருக்கு அது தேவைப்படலை.