சவானா: பழைய வீட்டு விடுதிகளும் அவற்றின் பின்கட்டும்

அட்லாண்டாவிலிருந்து வார இறுதிக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது, அதே ஜார்ஜியா மாநிலத்தில் (அமெரிக்கா) இருக்கும் சவானாதான். காரில் ஏறக்குறைய நாலு மணி நேரம். ஆனால் ஹைவே ஓரத்து ஓட்டலில் அறை போட்டுவிட்டு, பகலில் மட்டும் ஊருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பழைய நகரத்துக்குள்ளேயே, 1800-களில் கட்டி இப்போது விடுதியாக இருக்கும் வீடு ஒன்றில் தங்குங்கள். கொஞ்சம் செலவுதான், ஆனால் அந்த ஊரை வேறு எப்படியும் இவ்வளவு நெருங்கிப் பார்க்க முடியாது.

1733-இல், ஜார்ஜியா குடியேற்றத்தை நிறுவிய ஜேம்ஸ் ஓகல்தார்ப் வகுத்த ஊர் அது. நடுவில் ஒரு சிறு பூங்கா, அதன் கிழக்கிலும் மேற்கிலும் தேவாலயம் முதலான பொதுக் கட்டிடங்கள், வடக்கிலும் தெற்கிலும் வீடுகள். இதே அமைப்பைத் திரும்பத் திரும்பப் போட்டு ஊரை வளர்த்தார்கள். ஸ்கொயர் என்று அழைக்கப்படும் இந்தப் பூங்காக்கள் 24 இருந்தன, இப்போது 22. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரு சில நிமிட நடை. லைவ் ஓக் மரங்களிலிருந்து ஸ்பானிஷ் மாஸ் என்ற செடி சாம்பல் நிறத்தில் தொங்க, கடும் வெயிலிலும் நிழலிலேயே பாதி ஊரைச் சுற்றிவிடலாம். மூட்டு வலி உள்ள என் அம்மா ஒவ்வொரு ஸ்கொயரிலும் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஆற்றங்கரை வரை வந்துவிட்டார்.

நாங்கள் தங்கிய விடுதியை ஒரு வயதான அம்மையார் நடத்துகிறார். எல்லோரும் அவருக்கு "ஹனி"தான், என் அம்மா உட்பட. சாயங்காலம் கூடத்தில் வைனும் சீஸும் வைப்பார்கள். அங்கே பல விடுதிகளில் இது வழக்கம். அம்மாவுக்கு மட்டும் தனியாகத் தேநீர் வந்தது. காலையில் கிரிட்ஸ். வெள்ளைச் சோள ரவையைக் குழையக் காய்ச்சி வெண்ணெய் போட்டுத் தருகிறார்கள். "நம்ம ரவைக் கஞ்சிதான்டி இது" என்று அம்மா மிளகுத் தூளைத் தாராளமாகத் தூவிக்கொண்டார். இதில் இறால் சேர்ப்பதும் உண்டு; சைவர்கள் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், இறால் இல்லாமல் செய்து தருவார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே வீட்டை நிமிர்ந்து பார்த்த அம்மா கேட்டார்: "ஏண்டி, இவ்ளோ பெரிய வீட்டுக்குப் பின்கட்டு எங்க? வேலை செஞ்சவங்க எங்க படுத்திருப்பாங்க?"

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் சட்டென்று எழுந்து, "வாங்க, காட்டறேன்" என்று தோட்டத்தைத் தாண்டிக் கூட்டிப் போனார். பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்தபடி ஒரு சின்னச் செங்கல் கட்டிடம். கீழே குதிரை வண்டி நிறுத்தும் இடம், மேலே தாழ்ந்த கூரையுடன் அறைகள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு (1861-65) முன் கட்டின வீடு என்பதால், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள் என்று மழுப்பாமல் சொன்னார். விருந்தினர்கள் சரவிளக்கின் வயதைக் கேட்பார்கள், இதைக் கேட்பவர்கள் குறைவு என்றார். அம்மா அந்த மாடிப்படியைத் தொட்டுப் பார்த்தார்.

அன்றைய திட்டமே மாறிவிட்டது. விடுதி அம்மையார் சொல்லித்தான் ஓவன்ஸ்-தாமஸ் இல்லத்துக்குப் போனோம். வில்லியம் ஜே என்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் வடிவமைத்து 1819-இல் முடிந்த மாளிகை. மாடியில் வீட்டுக்குள்ளேயே ஒரு பாலம் இருக்கிறது, குழாய்த் தண்ணீர் வசதி அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனால் என் மனதில் தங்கியது அடிமைக் குடியிருப்பின் கூரைதான். ஆவி அண்டாது என்ற நம்பிக்கையில் பூசிய நீலம் இன்னும் இருக்கிறது. அந்த அறையில் வாழ்ந்தவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட காரியம் என்று எனக்கு அங்கே காணக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அப்புறம் ஃபிராங்க்ளின் ஸ்கொயரில் உள்ள ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயம். பகலெல்லாம் எஜமானனுக்கு உழைத்துவிட்டு, இரவில் வந்து அடிமைகளே கட்டிய கோயில் இது என்று வழிகாட்டி சொன்னார். கீழ்த்தளத்தின் மரத் தரையில் கோலம் போட்டது போல வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. தப்பி ஓடியவர்கள் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கும்போது மூச்சுவிடத்தான் அந்தத் துளைகள் என்கிறார்கள். கட்டிடம் முடிந்தது 1859-இல். அதே ஆண்டு மார்ச் மாதம், ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பந்தயத் திடலில், பியர்ஸ் பட்லர் என்ற தோட்ட முதலாளி தன் கடனை அடைக்க 400-க்கும் மேற்பட்ட மனிதர்களை இரண்டே நாளில் ஏலம் விட்டான். "அழுகையின் வேளை" என்றுதான் இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள். இத்தனைக்கும் ஜார்ஜியாவில் 1751 வரை அடிமை முறைக்குத் தடை இருந்தது. தாங்களே வைத்த தடையைத் தாங்களே எடுத்தார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் அந்த வீடுகளில் தங்குவது சரியா என்று சிலர் கேட்கலாம். நான் தங்கச் சொல்வேன். அந்த வீடுகள் நிற்பதே பெரிய விஷயம். 1954-இல் பழைய சிட்டி மார்க்கெட்டை இடித்துக் கார் நிறுத்தும் கட்டிடம் கட்டினார்கள். அடுத்து, 1820-இல் கட்டிய டேவன்போர்ட் இல்லத்துக்கும் ஆபத்து வந்தபோது ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி அதை வாங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் பழைய கட்டிடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் சவானா ஃபவுண்டேஷன். வீடு நின்றால்தானே பின்கட்டும் நிற்கும்? கேள்வி கேட்கவும் இடம் இருக்கும். எந்த விடுதியில் தங்கினாலும் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஆற்றங்கரை ரிவர் ஸ்ட்ரீட்டில் கடைகள் அதிகம், கூட்டமும் அதிகம். ஒரு மணி நேரம் போதும். கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த கற்களைப் பாவிய சரிவுகளில் செருப்பு வழுக்கும், ஷூ போடுங்கள்.

மார்ச் 17, ஐரிஷ் மக்களின் பண்டிகையான செயின்ட் பாட்ரிக் தினத்தை ஒட்டி அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் எகிறும். ஏப்ரல் அல்லது நவம்பர் நல்லது. பெற்றோருடன் போகிறவர்கள் தோட்ட மட்டத்து அறை வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் வாசற்கதவே படிக்கட்டு ஏறிப் போகும் உயரத்தில்தான் இருக்கிறது, எல்லா இடத்திலும் லிஃப்ட் கிடையாது.