சிஸ்டரின் பேச்சு போதுமா, மருத்துவரிடமும் செல்ல வேண்டுமா?

கடைமடைவாசி:
பேராவூரணிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அதைச் சாய்த்துப் போட்டதிலிருந்து சித்தப்பா யாரிடமும் ஒட்டாமல் இருக்கிறார், இரவெல்லாம் உறங்குவதில்லை. யாரோ தம்மை ஏசுவது காதில் விழுவதாக அண்மையில் சொல்லத் தொடங்கியிருக்கிறார். மந்திரித்துப் பார்த்தோம், பயனில்லை. இப்போது அருகிலுள்ள கன்னியர் மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வாரந்தோறும் வந்து பேசுகிறார். அவரிடம் மட்டும் சித்தப்பா வாய் திறக்கிறார். நாங்கள் இந்துக்கள் என்பதால் சில உறவினர்கள் முணுமுணுக்கிறார்கள், அது கிடக்கட்டும். இந்தப் பேச்சே போதுமா?

மறுமொழி 1:
போதாது. காதில் குரல் கேட்பதற்கு மனநல மருத்துவரின் மாத்திரை தேவைப்படலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். இதனால் சிஸ்டரின் பணி சிறிதாகிவிடாது. கோவாவில் மருத்துவர் அல்லாத ஆலோசகர்களுக்குப் பயிற்சியளித்து நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. மனச்சோர்வும் பதற்றமும் உடையோர் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவர்களால் நன்கு தேறினார்கள். ஆனால் அங்கும் மருத்துவர்கள் பின்னால் இருந்தார்கள். சிஸ்டர் செவிலியரா, சமூகப் பணி படித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சித்தப்பாவைப் பேருந்தில் ஏற்றக்கூடியவர் அவர்தான்.

மறுமொழி 2 (திருத்துறைப்பூண்டி):
என் அண்ணியை மருத்துவர் ஐந்து நிமிடம்தான் பார்ப்பார். மாதத்தின் மற்ற நாட்களைக் கவனித்தவர் எங்கள் ஊர் சிஸ்டர். நடவுக் காலத்தில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் பொழுது சாய்ந்துதான் வருவார். வந்தவுடன் நலம் விசாரிப்பதற்கு முன் காலியான மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி எண்ணுவார். அண்ணி மாத்திரையை விழுங்காமல் அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தது அப்படித்தான் தெரிந்தது. உறக்கம், சாப்பாடு, கை நடுக்கம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக் கொடுப்பார். அதைப் பார்த்தே மருத்துவர் அளவைக் குறைத்தார். நாங்கள் கேட்காமல் ஒருநாளும் செபம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்று நேரிலேயே கூறியிருப்போம்.

மறுமொழி 3:
நள்ளிரவில் நிலைமை மோசமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. யார் சொன்னாலும் கட்டிப்போட வேண்டாம்: 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் தப்ப முடியாமல் இறந்ததற்கு அவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்ததே காரணம், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தோப்புக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே வேறொருவர் வீட்டுக்கு மாற்றிப் பூட்டி வையுங்கள்.